தாயின் குருதியில் செல்லும் தூதுவர்

"பிள்ளைத்தாய்ச்சி கண்கலங்கலாகாது, வயிற்றுப் பிள்ளை வாடிப்போகும்" என்று மலையகத்து லயங்களில் மூதாட்டிகள் சொல்வதுண்டு. படித்த இளைஞர் சிலர் இதனை வெறும் மூடநம்பிக்கையென ஒதுக்கிவிடுவர். ஆயினும், இக்கால விஞ்ஞானம் அந்த மூதாட்டியின் பக்கமாகவே சற்றுச் சாய்கின்றது.

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் சில உள. அவை சுரக்கும் நீர் நேரே குருதியிற் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும். இத்தூதுவருக்கு 'ஓமோன்' என்னும் பெயர் வழங்கத் தொடங்கியது 1905ஆம் ஆண்டில். பெயரைப் பயன்படுத்தியவர் ஆங்கில உடற்றொழிலியல் அறிஞர் ஸ்டார்லிங். கருவுற்ற காலத்தில் இத்தூதுவருட் சிலர் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவையும் அடைகின்றனர்.

அவர்களுள் முதன்மையானது தைரொட்சின். கழுத்தின் முன்புறத்துள்ள தைரொயிட்டுச் சுரப்பி இதனைச் சுரக்கின்றது. சிசுவின் மூளை உருவாக இது இன்றியமையாதது. ஏறக்குறைய முதல் 12 வாரங்கள் வரை சிசுவால் இதனைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. தாய் தருவதே அதற்குக் கதி. தாயிடம் இது பெரிதும் குன்றினால் பிள்ளையின் அறிவு வளர்ச்சியும் செவிப்புலனும் குன்றக்கூடும்.

தைரொட்சினை ஆக்க அயடீன் வேண்டும். இலங்கையின் மழை மிகுந்த பிரதேசங்களில் முன்கழுத்துக் கழலை நெடுங்காலமாகக் காணப்பட்டு வந்தது. ஓயாத மழை மண்ணின் அயடீனைக் கழுவிச் செல்வது அதற்கொரு காரணம் என்பர். எனவேதான் 1995ஆம் ஆண்டு முதல் உண்ணும் உப்பில் அயடீன் கலப்பது சட்டமாயிற்று. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்கிரோகிராம் அயடீன் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால், கடையில் வாங்கிய உப்பைத் திறந்த பாத்திரத்தில் அடுப்போரம் வைத்தால், வெப்பமும் நுவரெலியாப் பனியின் ஈரமும் சேர்ந்து அயடீனைக் குறைத்துவிடும். உப்பை மூடிய பாத்திரத்தில் வையுங்கள், கழுவாதீர்கள், கறி வெந்து இறக்கும் வேளையிற் சேருங்கள். தைரொட்சின் மாத்திரை உட்கொள்ளும் பெண், கருவுற்றதும் அதனைத் தானாக நிறுத்திவிடாது, உடனே வைத்தியரிடம் அறிவித்தல் வேண்டும்.

இரண்டாவது தூதுவர் கோட்டிசோல். அச்சமும் கவலையும் மிகும்போது இது குருதியிற் பெருகும். சூல்வித்தகத்திலுள்ள ஒரு நொதியம் வாயிற்காவலனைப் போல நின்று, இதன் பெரும்பகுதியை வலுவிழக்கச் செய்கின்றது. தாயின் மனக்கலக்கம் நீடித்தால் அக்காவல் தளரக்கூடுமென்று சில ஆய்வுகள் கருதுகின்றன.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரையொட்டிய பகுதியில், 1991, 1992ஆம் ஆண்டுகளிற் கருவுற்றிருந்த ஆயிரக்கணக்கான தாய்மாரின் பிள்ளைகளை அறிஞர் தொடர்ந்து கவனித்தனர். கர்ப்ப காலத்தில் மிகுந்த பதற்றத்திலிருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், நான்கு வயதில் நடத்தைக் கோளாறும் மனச்சஞ்சலமும் கூடுதலாகக் காணப்பட்டன. 1944, 45ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஒல்லாந்து நாடு பெரும் பஞ்சத்தில் வாடியது. அப்பஞ்சத்தின் உச்சத்திற் கருவில் உருவானோரிடையே, பிற்காலத்தில் ஸ்கிசோபிரேனியா என்னும் உளநோய் ஏறக்குறைய இருமடங்காயிற்று. அங்கே பசியும் அச்சமும் ஒன்றாயிருந்தமையால் இன்னதே காரணமென்று பிரித்துரைத்தல் அரிது. 1973, 74ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் கிட்டாது தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்ததை நம் முதியோர் மறக்கவில்லை. கருவுற்ற பெண்ணின் பசி அவளோடு மட்டும் முடிவதில்லை என்பதை ஒல்லாந்தின் அனுபவம் உணர்த்துகின்றது.

இதைப் படித்து எந்தத் தாயும் அஞ்ச வேண்டுவதில்லை. கவலையுற்ற தாய்மாரின் பிள்ளைகளிற் பெரும்பாலோர் நலமாகவே வளர்கின்றனர். பிறந்தபின் கிடைக்கும் அன்பும் அரவணைப்பும் பழைய குறையைப் பெரிதும் ஈடுசெய்ய வல்லவை. "கவலைப்படாதே" என்று அவளிடம் சொல்வது எளிது. கவலைக்குரிய காரணத்தைக் குறைப்பதே நம் கடமை.

நிறைமாதத்தில் ஈரச் சரிவிலே கொழுந்துக் கூடையுடன் ஏறும் பெண்ணுக்கு, நிறை குறைந்தால் அரைப் பேர் என்ற அச்சம் ஒருபுறம். வீட்டில் குடித்துவிட்டு வரும் கணவனின் சினம் மறுபுறம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அவளுக்கு விடுமுறையுரிமை தந்தது. மூன்றாம் பிள்ளை முதற்கொண்டு குறைந்திருந்த அவ்விடுமுறை, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் 12 வாரமாயிற்று. எனினும் அதன் பெரும்பகுதி பிரசவத்திற்குப் பிந்தியது. அதற்கு முந்திய மாதங்களில் அவளைக் காப்பவர் யார்?

கணவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கட்டும். மாமியார் பதமாக ஒரு பிடி சோறு கூடுதலாக இடட்டும். கங்காணி சரிவு குறைந்த மலையிலே அவளை நிறுத்தட்டும். அவள் இரவிலே உறக்கமின்றி அழுதால், அதையும் ஒரு நோயாக மதித்து, மருத்துவமாதிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். இன்று அவளுக்குச் செய்யும் உதவி, நாளை பள்ளிக்கூடத்து வாங்கிலே தெளிந்த முகத்தோடு அமரப்போகும் ஒரு பிள்ளைக்குச் செய்யும் உதவியாகும்.