மீட்கப்பட்ட நாயை வீட்டு நாய்களுடன் பழக்குவது எப்படி? முதல் நாளிலேயே சேர்த்துவிட்டால் என்ன ஆபத்து?

திருவனந்தபுரம்: வீட்டில் ஏற்கெனவே நாய் வளர்ப்பவர்களே தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய்க்கும் இடம் கொடுக்க முன்வருவது வழக்கம். அன்பில் அவர்களுக்குக் குறைவில்லை, அவசரம்தான் அதிகம். புதிய நாயைக் காரிலிருந்து இறக்கி, வாயிற்கதவைத் திறந்து, பழைய நாய்களின் நடுவே விட்டுவிட்டு "தானாகப் பழகிக்கொள்ளும்" என்று காத்திருக்கின்றனர். பல நேரங்களில் அது கிழிந்த காதிலும், இடையில் கை நீட்டியவரின் விரலில் பதிந்த பல்லிலும் போய் முடிகிறது. அதன் பிறகு வெளியேற்றப்படுவது பெரும்பாலும் புதிய நாய்தான்.

கேரளத் தலைநகரைப் பொறுத்தவரை இது ஒரு வீட்டின் உள்விவகாரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. 2016 ஆகஸ்டில் இம்மாவட்டத்தின் கடற்கரைக் கிராமமான புல்லுவிளையில் முதிய பெண் ஒருவர் தெருநாய்கள் கடித்ததில் உயிரிழந்தார். மறுபக்கம், 2021 ஜூன் 28 அன்று அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடார் வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டது. அச்சம்பவத்தைக் கேரள உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, வழக்குக்கே அந்த நாயின் பெயரைச் சூட்டியது. வளர்ப்புப் பிராணிகள் அனைத்தையும் உரிமையாளர்கள் ஆறு மாதங்களுக்குள் உள்ளாட்சி அமைப்புகளில் பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவு அந்த வழக்கில் பிறந்ததே. வீட்டுக்கு வரும் மீட்பு நாய்க்கும் இது பொருந்தும்.

தெருநாய்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவும் இங்கே கவனிக்கத்தக்கது. விலங்கு ஆர்வலர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாய்களைத் தத்தெடுக்கலாம் என்று கூறிய நீதிமன்றம், அவ்வாறு எடுத்துச் செல்லப்பட்ட நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது விண்ணப்பித்தவரின் பொறுப்பு என்றும் கூறியது. ஆகவே, "ஒத்துவரவில்லை, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவோம்" என்ற வழி இனி இல்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசியாலும் தாகத்தாலும் தவிக்கும் நிலையில் விலங்கைக் கைவிடுவது ஏற்கெனவே குற்றம்தான். முதல் முறைக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்ற அதன் அபராதத் தொகை, ஆறு பதிற்றாண்டுகளுக்கு முந்தைய விலைவாசியை நினைவூட்டுவதைத் தவிர யாரையும் அச்சுறுத்தும் என்று சொல்ல முடியாது.

முதல் இரண்டு வாரங்கள்: தனி அறை

பழக்கும் வேலை நாய்களின் குணத்திலிருந்து தொடங்குவதில்லை, நோயிலிருந்து தொடங்குகிறது. தெருவிலிருந்து வரும் நாய் வெளியில் துறுதுறுவென்று தெரிந்தாலும் உள்ளே பார்வோ வைரஸ் இருக்கலாம். தொற்றிய 3 முதல் 7 நாட்களில் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்குவது இதன் வழக்கம். சில நாய்களில் இரண்டு வாரம் வரையும் ஆகலாம். டிஸ்டெம்பர் நோய்க்கு அதைவிடக் கூடுதல் நாட்களும் பிடிக்கும். மழை ஓயாத கேரளத்தில் எலிக்காய்ச்சலையும், உண்ணிகள் பரப்பும் இரத்த நோய்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனவேதான் புதிய நாயை 10 முதல் 14 நாட்கள் தனி அறையில், தனிப் பாத்திரம், தனிப் படுக்கையுடன் வைத்திருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். புதிய நாயைக் கவனித்த கையோடு பழைய நாயைத் தொடக் கூடாது. முதலில் பழைய நாய்களுக்கு உணவிட்டுவிட்டுப் பிறகு புதியதிடம் செல்வது நல்லது. பார்வோ வைரஸ் தரையில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. சாதாரண சோப்பு நீரால் அது அழியாது. பிளீச்சிங் கரைசல் தேவை.

ரேபிஸ் விஷயத்தில் 14 நாட்கள் போதாது. வெறிநாய் கடித்த ஒரு நாய்க்கு அறிகுறிகள் தெரியச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். புதிய நாய்க்குப் போடப்படும் தடுப்பூசி முழுப் பாதுகாப்பைத் தர ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்கள் எடுத்துக்கொள்ளும். அதனால் புதிய நாய்க்கு ஊசி போடுவதைப் போலவே முக்கியமானது, பழைய நாய்களின் ஆண்டுத் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று அது வருவதற்கு முன்பே பார்ப்பது. இதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர்.

காதில் ஆங்கில 'வி' எழுத்தைப் போன்ற வெட்டு இருந்தால், அந்த நாய் கருத்தடைத் திட்டத்தின் கீழ் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது என்று பொருள். வெட்டு இல்லாத நாயாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக் கருத்தடை செய்துவிடுவது நல்லது. ஆனால் ஆண் நாயின் உடலில் ஹார்மோன் அளவு முற்றிலும் குறையச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே அது சாதுவாகிவிடும் என்று எதிர்பார்க்கலாகாது.

இந்தத் தனிமைக் காலம் வீணாகும் காலம் அல்ல. நாய்க்கு உலகம் மூக்கின் வழியாகவே அறிமுகமாகிறது. தொற்று இல்லை என்பது ஓரளவு உறுதியான பிறகு, புதிய நாய் படுத்த துணியைப் பழைய நாய்களின் உணவுத் தட்டுக்கு அருகிலும், அவை படுத்த துணியைப் புதிய நாயின் அறையிலும் வைக்கலாம். பழைய நாய் அதை முகர்ந்துவிட்டு அமைதியாகச் சாப்பிட்டால் நல்ல அறிகுறி. துணியைக் கண்டதும் உடல் விறைத்து உறுமினால், சந்திப்பை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டும்.

முதல் சந்திப்பு வாசலில் வேண்டாம்

வாயிற்கதவு என்பது வீட்டு நாயின் காவல் எல்லை. அங்கே நிற்கும் எந்த நாயும் அதன் கண்ணுக்கு அந்நியனே. கதவின் கம்பிகளுக்கு இருபுறமும் நிறுத்தி முகம் பார்க்க வைப்பது இன்னும் மோசம். நெருங்கவும் முடியாமல் விலகவும் வழியில்லாமல் இரண்டுக்கும் ஆத்திரம்தான் ஏறும்.

எந்த நாய்க்கும் சொந்தமில்லாத பொது இடத்தில் சந்திக்க வைக்க வேண்டும் என்பதே உலகெங்கும் பயிற்சியாளர்கள் சொல்லும் முறை. வெளிநாட்டுக் கையேடுகள் இதற்குப் பூங்காவையோ அமைதியான தெருவையோ பரிந்துரைக்கும். திருவனந்தபுரத்தில் அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றினால் சிக்கல்தான். இங்கே எந்தத் தெருவும் ஆளில்லாத தெரு அல்ல. ஒவ்வொரு முனைக்கும் ஒரு நாய்க்கூட்டம் உரிமை கொண்டாடுகிறது. இரண்டு நாய்களை அறிமுகப்படுத்தப் போய் ஆறு நாய்களைச் சமாளிக்க நேரிடும். எனவே சுற்றுச்சுவர் உள்ள நண்பர் வீட்டு வளாகம், காலியான விளையாட்டுத் திடல், அடுக்குமாடிக் குடியிருப்பின் பெரிய மொட்டை மாடி போன்றவையே இங்கு ஏற்றவை. வெயில் ஏறும் முன் அதிகாலையில் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நாய்க்கும் ஒருவர் வீதம் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் எதிரெதிரே கொண்டுவராமல், 20 அல்லது 30 அடி இடைவெளியில் ஒரே திசையில் நடத்திச் செல்ல வேண்டும். ஒன்றையொன்று முறைக்காமல் நடக்கத் தொடங்கியதும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். கயிறு தளர்வாக இருப்பது மிக முக்கியம். பயத்தில் மனிதர் கயிற்றை இழுத்துப் பிடித்தால், ஆபத்து வருகிறது என்றே நாய் புரிந்துகொள்ளும். நெருங்கும்போது நேர்கோட்டில் அல்லாமல் வளைந்து வந்து பின்பக்கத்தை முகர விட வேண்டும். மூன்று விநாடி போதும். பெயர் சொல்லி அழைத்து, விலக்கி, ஒரு துண்டுக் கோழிக்கறி கொடுத்து, மீண்டும் நடக்க வேண்டும். அன்றைய பாடம் 15 நிமிடத்தில் முடிந்துவிட்டாலும் குறையில்லை.

வீட்டில் மூன்று நாய்கள் இருந்தால் மூன்றையும் ஒன்றாக அழைத்து வருவது, புதியதைச் சுற்றிவளைப்பதற்குச் சமம். சாதுவான நாய் முதலில். முரட்டு நாய் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள் ஒதுக்குவது இன்னும் நல்லது.

வாலாட்டினால் நட்பு என்று பொருளா?

இல்லை. தளர்ந்த உடலோடு இடுப்பும் சேர்ந்து அசையும்படி ஆட்டுவது வேறு; வாலைச் செங்குத்தாக உயர்த்தி விறைப்பாகச் சிறு அதிர்வு போல் ஆட்டுவது வேறு. இரண்டாவது வகை சண்டைக்கு முந்தைய நிலையாக இருக்கலாம். கண்ணின் வெண்மை பிறைபோல் தெரிவது, வாயை மூடி அசையாமல் நிற்பது, மற்ற நாயின் தோள்மீது தாடையை வைப்பது ஆகியவையும் எச்சரிக்கைகளே. தலையைத் திருப்பிக்கொள்ளுதல், கொட்டாவி, உதட்டை நக்குதல், தரையை முகர்தல் முதலியவை "எனக்குச் சண்டை வேண்டாம்" என்று நாய் சொல்லும் முறைகள் என்று விளக்கி, இவற்றை அமைதிச் சைகைகள் என்ற பெயரில் பரவலாக அறியச் செய்தவர் நார்வேயைச் சேர்ந்த பயிற்சியாளர் தூரித் ருகாஸ். முன்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தினால் விளையாட்டுக்கு அழைப்பு. உறுமலை மட்டும் அடக்கக் கூடாது. உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்கிறது.

"சண்டை போட்டு யார் தலைவன் என்று அவையே முடிவு செய்யட்டும்" என்ற பேச்சு இன்றும் கேட்கிறது. கூண்டில் அடைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷென்கல் 1947இல் எழுதிய ஆய்விலிருந்து பரவிய கருத்து இது. டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அதை மேலும் பரப்பியது. காட்டில் வாழும் ஓநாய்க்கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று 1999இல் அதைத் திருத்தி எழுதியவரும் அதே மெக்தான். ஆனால் திருத்தத்துக்கு முதல் கூற்றின் புகழ் கிடைக்கவில்லை.

ஒரே வீட்டு நாய்களுக்குள் நடக்கும் சண்டைகள் குறித்து அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 38 ஜோடி நாய்களை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 79 விழுக்காடு ஒரே பாலின ஜோடிகள். சண்டையைத் தொடங்கியது 70 விழுக்காட்டில் புதிதாக வந்த நாய். வீட்டில் பெண் நாய் இருந்தால் ஆண் நாயைத் தேர்ந்தெடுப்பது, ஏறத்தாழ அதே வயதுள்ளதைத் தவிர்ப்பது ஆகிய பொதுவான அறிவுரைகளை ஆதரிப்பதாகவே இவ்வகை முடிவுகள் கருதப்படுகின்றன. பழைய நாய்தான் பொறாமையில் கடிக்கும் என்ற எண்ணத்தையும் இவை சற்று அசைக்கின்றன.

வீட்டுக்குள் வந்த பிறகு

பழைய நாய்களை வெளியே அழைத்துச் சென்றுவிட்டு, புதிய நாய் வீட்டைத் தனியாகச் சுற்றிப் பார்த்து முகர்ந்த பின்னரே மற்றவற்றை உள்ளே விட வேண்டும். அதற்கு முன் தரையில் கிடக்கும் எலும்பு, பந்து, உணவுத் தட்டு அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். தெருவில் ஒரு வேளை உணவுக்குப் போராடிய நாய்க்கு, தட்டை விட்டுக்கொடுப்பது என்பது தெரியாத பண்பு. முதல் மாதங்களில் தனித்தனி அறைகளில், கதவை மூடி உணவிடுவதே பாதுகாப்பு. குறுகலான நடைபாதை, படிக்கட்டு, சோபா, எஜமானர் அலுவலகத்திலிருந்து திரும்பும் வேளை ஆகியவை சண்டை மூளும் இடங்களும் நேரங்களும் ஆகும். யாரும் வீட்டில் இல்லாதபோது இரண்டையும் ஒன்றாக விடக் கூடாது. குழந்தைகளுக்காகப் பொருத்தும் தடுப்புக் கதவு இதற்கு நன்றாகப் பயன்படும்.

மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் உரிமை என்று மீட்பு அமைப்புகள் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. இது ஆய்வு முடிவு அல்ல, அனுபவக் கணக்கு. சில நாய்களுக்கு ஆறு மாதமும் ஆகும். தீபாவளி நாட்களிலோ, அருகிலுள்ள கோயிலில் வெடி வழிபாடு நடக்கும் திருவிழாக் காலத்திலோ புதிய நாயை அழைத்து வந்தால் கணக்கு இன்னும் நீளும்.

சண்டை மூண்டுவிட்டால்

கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பதும் வாய்க்கு இடையில் கையை நுழைப்பதும் கூடாது. கடி வாங்குவோர் பெரும்பாலும் அப்படித்தான் வாங்குகின்றனர். பாத்திரத்தைத் தட்டிப் பெரும் சத்தம் எழுப்பலாம். வாளி நீரை ஊற்றலாம். இரண்டுக்கும் நடுவே பலகையையோ நாற்காலியையோ நுழைக்கலாம். அதற்கும் பிரியாவிட்டால் இருவர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். பிரித்த பிறகு அன்றே சமாதானம் செய்துவைக்க முயலாமல், சில நாட்கள் தனித்து வைத்துவிட்டு மீண்டும் தொலைவான நடையிலிருந்து தொடங்க வேண்டும். காயப்படும் அளவுக்குச் சண்டை மீண்டும் மீண்டும் நடந்தால் கால்நடை மருத்துவரையோ நாய் நடத்தை வல்லுநரையோ அணுகுவதே முறை. வேறொரு நல்ல வீட்டைத் தேடிக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனிதருக்குப் பல் பட்டிருந்தால், அது சொந்த வீட்டு நாயின் பல்லாக இருந்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடித்த நாயை 10 நாட்கள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். உலக அளவில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக உலக சுகாதார அமைப்பு மேற்கோள் காட்டும் மதிப்பீடு கூறுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். "தடுப்பூசி போட்ட நாய்தானே" என்று காத்திருந்து பார்ப்பதற்கு இந்நோய் இடம் தருவதில்லை. அறிகுறி தோன்றிய பிறகு பிழைத்தவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.