வேர்நுனியின் கணக்கு

உயர்தர வகுப்பில் வெங்காய வேர்நுனியை நசுக்கி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தோர் வாசகருள் பலர் இருப்பர். பிரியும் கலங்களை அன்று எண்ணினோம். பிரியும் வேளையைத் தீர்மானிப்பது எது என்று எவரும் கேட்டாரில்லை. கலப்பிரிவை ஓர் அத்தியாயமாகவும் புரதத் தொகுப்பை வேறோர் அத்தியாயமாகவும் கற்பித்த குற்றம் எமக்கும் உண்டு.

உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு. புரதத்தைப் பெருக்காது பிரியும் கலம் ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே போகும். புரதத் தொகுப்போ கலத்தின் சக்தியைப் பெருமளவில் விழுங்குவது. முளைத்த நாற்றுக்கு விதை விட்டுச்சென்ற சேமிப்போ சொற்பம். அது தீருமுன் இலை சீனி தந்தாக வேண்டும். தவறின் நாற்று மடியும்.

இக்கணக்கைப் பார்ப்பது 'ரோர்' எனப்படும் நொதியம். 1991இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் மதுவத்திலேயே அதன் மரபணுக்கள் முதலில் அறியப்பட்டன. அரபிடொப்சிஸ் என்ற கடுகினச் சிறுபூண்டில் அம்மரபணு சிதைந்தால் முளையம் தொடக்கத்திலேயே நின்றுவிடுமென 2002இல் வெளியான ஆய்வு காட்டியது.

இலையில் விளைந்த குளுக்கோசு வேர்நுனியை அடைந்ததும் ரோர் விழிக்கின்றது. ஒருபுறம் எஸ்6 கைனேசு என்னும் நொதியத்தை ஏவிப் புரத உற்பத்தியை முடுக்குகின்றது. மறுபுறம் ஈ2எஃப்ஏ என்னும் புரதத்தைத் தூண்டி, டீஎன்ஏ இரட்டிப்புக்குரிய மரபணுக்களைத் திறக்கின்றது.

பின்னதை அமெரிக்க ஆய்வுகூடமொன்று 2013இல் வெளியிட்டது. சேமிப்புத் தீர்ந்து உறங்கிக் கிடந்த நாற்றுகளுக்குக் குளுக்கோசு ஊட்டியபோது வேர்நுனிக் கலங்கள் மீண்டும் பிரியத் தொடங்கின. ரோர் முடக்கப்பட்ட நாற்றுகளிலோ, சீனி கையிலிருந்தும் வேர் அசையவில்லை.