எண்ணெய்க் கடைச் சித்தி

லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்திலிருந்து வடக்கே சில நிமிடம் நடந்தால் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்ற சிறிய பூங்கா வரும். முன்பு தேவாலயக் கல்லறை நிலமாக இருந்த இடம், 1880-ல் பூங்காவானது. தலைமைத் தபால் அலுவலகம் பக்கத்திலேயே இருந்ததால் தபால்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்து உட்காருவார்கள். பூங்காவின் பெயர் அப்படி வந்ததுதான். அதன் ஓர் ஓரத்தில் திண்ணை போல நீளமான மரக் கூரை. கூரைக்குக் கீழே சுவர் நெடுக டைல்ஸ் பதித்த பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் ஒரு பெயர், பெரும்பாலும் அவர் பார்த்த வேலை, இறந்த விதம், தேதி. மொத்தம் 54 பலகைகள், 62 பேர். இன்னோர் உயிரைக் காக்கப் போய்த் தங்கள் உயிரை விட்டவர்கள் இவர்கள்.

இவர்களில் அதிகம் பேசப்படுபவர் ஆலிஸ் ஏர்ஸ். தேம்ஸ் நதிக்குத் தெற்கே, யூனியன் தெருவில் எண்ணெயும் பெயின்டும் விற்கும் கடை ஒன்றை அவருடைய அக்காவும் அக்கா கணவரும் நடத்தினார்கள். கீழே கடை, மேலே வீடு. 25 வயது ஆலிஸ் அங்கேயே தங்கி வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். 1885 ஏப்ரல் 24 இரவு கடையில் தீப்பிடித்தது. எண்ணெயோடு வெடிமருந்தும் இருந்த கடை. தீ மாடிக்கு ஏற நேரமாகவில்லை.

தெருவில் கூடியவர்கள் ஆலிஸைக் குதிக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவர் உள்ளே போய் ஓர் இறகு மெத்தையை இழுத்து வந்து ஜன்னல் வழியே வெளியே தள்ளினார். பிறகு மூத்த பெண் குழந்தையை அதன்மேல் போட்டார். மறுபடி உள்ளே போனார். அடுத்தவள் அவரை விட மாட்டேன் என்று கட்டிக்கொண்டாள். அவளையும் பிரித்துப் போட்டார். மூன்றாவது முறை போய்க் கடைக்குட்டியைக் கொண்டுவந்தார். தன் முறை வந்தபோது புகையில் அவருக்குத் தெம்பு போயிருந்தது. குதித்தவர் கடைப் பெயர்ப் பலகையில் மோதித் தரையில் விழுந்தார். முதுகெலும்பில் அடி. இரண்டு நாள் கழித்து கய்ஸ் மருத்துவமனையில் இறந்தார். அக்காவும் அக்கா கணவரும் அவர்களுடைய மகனும் தீயிலேயே போய்விட்டார்கள். கடைக்குட்டியும் பிழைக்கவில்லை. எஞ்சியது இரண்டு பெண் குழந்தைகள்.

தீயணைப்பு வீரர்கள் சவப்பெட்டியைச் சுமந்தார்கள். ஐல்வொர்த் கல்லறையில் பொதுமக்கள் பணத்தில் சிவப்புக் கருங்கல் தூண் எழும்பியது. வழக்கமாக இத்தோடு ஊர் மறந்துவிடும். இங்கே மறக்காத ஓர் ஆள் இருந்தார்: ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ். பிரபலங்களை வரைந்து பெயர் வாங்கியவர். அரசு தர முன்வந்த பரம்பரைப் பட்டத்தை இரண்டு முறை வேண்டாம் என்றவர். 1887-ல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கு என்ன செய்யலாம் என்று நாடே யோசித்தபோது, பிறருக்காக உயிர்விட்ட எளிய மனிதர்களுக்கு நினைவிடம் கட்டலாம் என்று ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதினார். உதாரணமாக ஆலிஸைச் சொன்னார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

வாட்ஸ் விடவில்லை. இப்படிப்பட்ட மரணங்களைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொந்த முயற்சியில் போஸ்ட்மேன்ஸ் பார்க்கில் 120 பலகைகளுக்கு இடம் விட்டுச் சுவர் எழுப்பினார். 1900 ஜூலை 30 அன்று அது திறக்கப்பட்டபோது இருந்தவை நான்கே பலகைகள். 83 வயது வாட்ஸுக்கு உடல்நலமில்லை. மனைவி மேரி போய் நின்றார். 1904-ல் வாட்ஸ் இறக்கும்போது பலகைகள் 13 ஆகியிருந்தன. பிறகு பொறுப்பு மேரியிடம் வந்தது. முதல் பலகைகளைச் செய்தவர் வில்லியம் டி மார்கன் என்ற பெயர்பெற்ற மண்பாண்டக் கலைஞர். அவர் தொழிலை மூடிவிட்டு நாவல் எழுதப் போய்விட்டதால் பின்னால் டௌல்டன் நிறுவனம் செய்தது.

சுவரை வாசித்துக்கொண்டே போனால் அந்தக் கால லண்டனின் ஆபத்துகள் ஒவ்வொன்றாக வருகின்றன. சர்க்கரை ஆலையில் பாய்லர் வெடித்தபோது கூட்டாளியைத் தேடி உள்ளே திரும்பிப் போன கூலித் தொழிலாளி. தொண்டை அடைப்பான் நோயில் மூச்சுத் திணறிய குழந்தையைக் காப்பாற்றக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சி, அதே நோயால் இறந்த 26 வயது மருத்துவர். மூழ்கும் கப்பலில் தன் மிதவைக் கச்சையைக் கழற்றிக் கொடுத்த பணிப்பெண். தம்பியை வண்டிச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்ட 11 வயதுப் பையன்.

இடம் பெற ஒரே கட்டாயம், செத்திருக்க வேண்டும். அதே துணிச்சலைக் காட்டிப் பிழைத்தவருக்குச் சுவரில் இடமில்லை. கொஞ்சம் கொடூரமான விதிதான். ஆனால் பிழைத்தவருக்குப் பதக்கம் கொடுக்க 1774 முதலே ஒரு சங்கம் இருந்தது. இறந்த கூலியாளின் பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதியதும் முழுமையில்லை. வாட்ஸின் கடிதத்தில் ஆலிஸ் எண்ணெய்க் கடை வேலைக்காரி. அன்றைய பத்திரிகைகளுக்கும் அவர் எஜமானரின் பிள்ளைகளுக்காக உயிர் கொடுத்த விசுவாசமான பணிப்பெண். மேல்தட்டு வாசகர்களுக்கு அந்தக் கதை இனித்தது. பலகையோ அவரைக் கொத்தனாரிடம் சித்தாளாக இருந்தவரின் மகள் என்கிறது, மூன்று குழந்தைகளைக் காத்தார் என்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு அவர் சித்தி என்பது எங்கும் இல்லை. சம்பளத்துக்கு விசுவாசமாக இருந்தவரைப் போற்றுவதும் அக்கா பிள்ளைகளை விட்டுவிட்டுக் குதிக்க மனம் வராதவரைப் போற்றுவதும் ஒன்றல்ல.

பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1936-ல் தீ நடந்த இடத்துக்கு அருகிலுள்ள ஒரு தெரு ஏர்ஸ் தெரு ஆனது. 2004-ல் வந்த ‘க்ளோசர்’ படத்தில் ஒரு பெண் பொய்ப் பெயர் தேவைப்பட்டபோது இந்தச் சுவரில் பார்த்ததையே எடுத்துக்கொள்கிறாள்.

1931-க்குப் பிறகு 78 ஆண்டுகள் சுவரில் புதிய பெயர் ஏறவில்லை. 2009-ல்தான் ஒன்று சேர்ந்தது: கால்வாயில் மூழ்கிய சிறுவனைக் காப்பாற்றித் தான் மூழ்கிப்போன ஓர் அச்சுத் தொழிலாளியின் பெயர். 66 பலகைகளுக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது.