வசந்தப் பறவை ஏடு

மாசி, பங்குனித் திங்களில் தில்லியின் முள்ளிலவ மரங்கள் இலையுதிர்த்துச் செம்மலர் தாங்கி நிற்கின்றன. தேனுண்ண மைனாக்களும் காகங்களும் மொய்க்கின்றன. பின்னர்க் குயிலின் குரல் எழுகிறது. பள்ளியில் 'கோயல்' என்று கேட்டு வரும் நம் குழந்தைக்குக் 'குயில்' என்ற சொல்லை வீடு தராவிடில் வேறு யார் தருவார்? இதற்கு ஓர் எளிய வழி, பறவை ஏடு.

என் போன்ற எழுத்தர் இல்லத்திற்கும் இது செலவு வைக்காது. வெள்ளைத் தாள்களை இரண்டாக மடித்து, பழைய திருமண அழைப்பிதழை மேலட்டையாக்கி, நடுவே நூலால் தைத்தால் ஏடு ஆயத்தம். வண்ணத் தாள், கத்தரிக்கோல், மைதாப் பசை இருந்தால் போதும்.

வெட்டுமுன் பறவையைப் பார்க்க வேண்டும். இதுவே முதல் விதி. குயில் என்றதும் குழந்தைகள் கரிய தாளையே எடுப்பர். ஆண்குயிலே கருமை, பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் உடையது. பழுப்புத் தாளில் உருவம் வெட்டி, வெள்ளைத் தாளைக் கிள்ளி அதன்மேல் பதிக்கலாம். இரண்டிற்கும் கண் சிவப்பு. குங்குமப் புள்ளி போதும். கன்னார் சுத்தியல் தட்டுவதுபோல் ஒலிக்கும் செம்மார்புக் குக்குறுவானுக்குப் பச்சை உடல், செந்நெற்றி, மஞ்சள் தொண்டை.

உதிர்ந்த இலவம்பூவின் இதழைப் புத்தகத்திடையே அழுத்தி உலர்த்தி, பறவையின் அருகே ஒட்டலாம். கூட்டையோ முட்டையையோ தொடலாகாது.

ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நாள், இடம், பறவையின் தமிழ்ப்பெயர் ஆகியவற்றைக் குழந்தையே எழுதட்டும். அடுத்த பங்குனியில் ஏட்டைப் புரட்டினால், குயில் முந்தி வந்ததா பிந்தி வந்ததா என்று அதுவே நமக்குச் சொல்லும்; தமிழில் சொல்லும்.