பேட்டரியை மாற்றுவதற்கு முன்

செல்ஃப் எடுக்காமல் நிற்கும் காரைப் பார்த்த உடனே, “பேட்டரி போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்று சொல்லிவிடுவது எளிது. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது பேட்டரி போட்ட கார் சில நாளிலேயே மறுபடி நின்றுபோனால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற வேண்டிய ஆல்டர்னேட்டரில். இந்த வீண்செலவைத் தவிர்க்க, எலக்ட்ரிகல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும்.

சென்ற வாரம் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பார்த்தோம். அதைச் சுற்றவைப்பது பேட்டரி. எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு விளக்கு, ஏசி, எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுத்து, பேட்டரி இழந்ததையும் ஈடுகட்டுவது ஆல்டர்னேட்டர். ஆகவே அளக்கவேண்டிய நேரங்கள் மூன்று: வண்டி ஓய்வில் இருக்கும்போது, ஸ்டார்ட் செய்யும்போது, எஞ்சின் ஓடும்போது.

இரவு முழுக்க நின்ற காரில், காலையில் சாவி போடுவதற்கு முன் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. வண்டியை நிறுத்திய கையோடு அளக்காதீர்கள். அப்போது உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

அடுத்து, ஒருவர் ஸ்டார்ட் செய்ய நீங்கள் மீட்டரைப் பாருங்கள். முழு சார்ஜில் இருந்த பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அது ஓய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். நம் ஊர் வெயில் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளைச் சீக்கிரம் அரித்துவிடுகிறது. மீட்டர் 12-ஐ விட்டு இறங்காமல் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால், டெர்மினலையும் கேபிளையும் ஸ்டார்ட்டரையும் சந்தேகியுங்கள்.

எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை காட்டவேண்டும். ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினாலும் 13.5-க்குக் கீழே போகக்கூடாது. 12.4 என்று காட்டி மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வரும். புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த கம்ப்யூட்டரே வோல்ட்டை ஏற்றி இறக்கும். அவற்றில் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டாமல் சில நிமிடம் கவனியுங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்ததும் ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்லவேண்டாம். முதலில் பெல்ட். தளர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்தவுடன் கீச்சிடும். பிறகு டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடி. அடுத்தது பலரும் பார்க்காமல் விடும் சோதனை. விளக்குகள் எரிய, எஞ்சின் ஓட, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் சேரும் போல்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் உள்ள வயரிலோ இணைப்பிலோ மின்சாரம் வீணாகிறது. ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையிலும் இப்படியே பாருங்கள். எர்த் வயர் கெட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். நல்ல ஆல்டர்னேட்டரைக் குப்பைக்கு அனுப்பாமல் காப்பாற்றுவது இந்தச் சோதனைதான்.

டாஷ்போர்டில் உள்ள சிவப்பு பேட்டரி விளக்கு சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணையவேண்டும். பழைய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனாலே சார்ஜ் ஏறாமல் போகலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் கோளாறு ஆல்டர்னேட்டருக்குள்ளே. தேய்ந்த கார்பன் பிரஷ் என்றால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் குறைந்த செலவில் மாற்றிவிடுவார். டயோடு பழுது கொஞ்சம் ஏமாற்றும். ஓரளவு சார்ஜ் ஏறுவதுபோலவே காட்டும். ஆனால் கசியும் டயோடு ஒன்று, வண்டி நிற்கும்போதும் பேட்டரியைக் காலி செய்யும். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஓடும் எஞ்சினில் பேட்டரி மேல் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். ஒழுங்கான காரைப் பூட்டி அரைமணி நேரம் விட்டால், அது இழுக்கும் மின்சாரம் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். அதைவிடக் கூடினால், டயோடோடு சேர்த்து, பிறகு பொருத்திய ஸ்டீரியோவையும் கேமராவையும் பாருங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடவேண்டும். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது இன்றும் சில ஒர்க்‌ஷாப்புகளில் நடக்கிறது. டைனமோ காலத்து வழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் அந்த நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறும். டயோடும் எஞ்சின் கம்ப்யூட்டரும் எரியலாம். கம்ப்யூட்டர் போனால் பேட்டரியைப் போலப் பல மடங்கு செலவு. ஓடும் எஞ்சினில் யாராவது டெர்மினலில் ஸ்பேனரை வைத்தால், தயங்காமல் தடுங்கள். மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)