மேடையேற்றினால் பயம் தெளியுமா?

காரைக்குடி பேச்சை மதிக்கும் ஊர். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழாவில் பேச்சைக் கேட்டே பல தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் விசேஷத்துக்கு உறவு கூடினால், பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் பாடச் சொல்வதும் வழக்கம்தான். இங்கே வாய் திறக்காத பிள்ளைக்குக் 'கூச்ச சுபாவம்' என்ற பெயர் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளை, கழிப்பறைக்குப் போக டீச்சரிடம் கேட்கப் பயந்து மணியடிக்கும்வரை அடக்கிக்கொள்ளும் பிள்ளை, வகுப்பில் எழுந்து வாசிக்கவேண்டிய நாளில் மட்டும் வயிற்றுவலி என்று படுத்துவிடும் பிள்ளை ஆகியோரை அந்தப் பெயரில் அடக்கிவிட முடியாது. இந்தப் பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் நட்பையும் கெடுத்தால், அது சமூகப் பதற்ற நோயாக இருக்கலாம். பெரும்பாலோருக்கு 8 முதல் 15 வயதுக்குள் தொடங்குகிறது.

வளர்ந்தால் தானாகச் சரியாகும் என்பார்கள். சாதாரணக் கூச்சம் அப்படிப் போய்விடலாம். பதற்றமோ ஒதுங்க ஒதுங்க வளரும். ஒதுங்கியதும் கிடைக்கும் நிம்மதி, அடுத்த முறையும் ஒதுங்கச் சொல்லித் தருகிறது. அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்வதும் பாசத்தால்தான், ஆனாலும் விளைவு அதேதான். அப்படியானால் பிடித்து மேடையேற்றிவிடலாமே என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பயத்தை நேரில் சந்திப்பதே சிகிச்சையின் மையம். மீதிப் பாதியில்தான் கோளாறு: திடீரென்று தள்ளப்பட்ட பிள்ளை உறைந்து நின்றுவிட்டால், எல்லாரும் சிரிப்பார்கள் என்ற அதன் நம்பிக்கை உறுதிப்பட்டுவிடும். சி.பி.டி. என்னும் உளவியல் சிகிச்சையில் பிள்ளையின் சம்மதத்தோடு படிகள் வகுக்கப்படுகின்றன. முதலில் பெட்டிக்கடையில் தானே கேட்டுப் பென்சில் வாங்குவது, பிறகு ஒரு தோழியின் முன் பாடத்தை வாசிப்பது, அதன்பின் வகுப்பில் ஒரு வரிப் பதில். எதற்குப் பயந்தோம், உண்மையில் என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு படியிலும் பிள்ளையே ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இதற்குச் சான்று உண்டு. சமூகப் பதற்றம் உள்ளிட்ட பதற்ற நோய்கள் கொண்ட, 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. 12 வாரங்களில் சி.பி.டி. பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம், செர்ட்ராலின் மாத்திரை எடுத்தவர்களில் 55, இரண்டும் பெற்றவர்களில் 81 சதவீதம் பேர் நன்கு தேறினர். வெற்று மாத்திரையில் 24 சதவீதம்தான். மாத்திரைக்கு அடிமையாகிவிடுவார்களோ என்ற அச்சம் இயல்பானது. இவ்வகை மருந்து போதை தருவதல்ல. ஆனால் தொடக்க வாரங்களில் பிள்ளையின் மனநிலையைக் கூர்ந்து கவனிக்கவேண்டும், மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. பலருக்கு முதலில் சி.பி.டி.யே போதும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். பிள்ளை போனில் பேசத் தயங்கினால், முதல் அழைப்பைப் பெற்றோரே செய்யலாம்.