'யார் செய்த பாவம்?' - சேத்துப்பட்டு லூர்து மாதாவும் பார்வை பெற்றவரின் கதையும்

ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரத்தில் கைக்கு முன்னால் வேலை செய்வது கண்தான். பாவில் ஓர் இழை அறுந்தால் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தால் முதலில் தடுமாறுவது அந்த இடத்தில்தான். பார்வை மங்கினால் கூலியும் குறையும். இந்தப் பகுதியில் சேத்துப்பட்டு லூர்து மாதா முன் ஒருவர் கண்ணுக்காக மெழுகுவத்தி ஏற்றினால், அதில் ஒரு குடும்பத்தின் சாப்பாடும் அடங்கியிருக்கிறது.

தாது வருடப் பஞ்சம் (1876-78) வாட்டிய காலத்தில் இங்கே பணியாற்றிய பிரெஞ்சு மறைப்பணியாளர் அருட்தந்தை தாராஸின் பெயரை ஊர்க் கத்தோலிக்கர்கள் இன்றும் சொல்வார்கள். ஆலயத்தின் பெயரும் அவருடைய நாட்டிலிருந்து வந்ததே. பிரான்சின் லூர்து நகரில் 1858-ல் பெர்னதெத் என்ற 14 வயதுச் சிறுமிக்கு மாதா காட்சி கொடுத்ததாகவும், அந்தக் குகையில் ஊற்று பிறந்ததாகவும் நம்பிக்கை. ஆரம்ப நாள்களில் அங்கே குணம் பெற்றதாகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர் லூயி பூரியெத். வெடிவிபத்தில் ஒரு கண்ணின் பார்வை கெட்டுப்போன கல்லுடைக்கும் தொழிலாளி. ஊற்றுநீரால் கண்ணைக் கழுவியதும் பார்வை திரும்பியதாகச் சொன்னார்.

ஆனால், அங்கே 'குணமானேன்' என்று சொன்னால் மட்டும் போதாது. 1883 முதல் மருத்துவர்கள் விசாரிக்கிறார்கள். 7,000-க்கும் அதிகமானோர் குணமடைந்ததாகப் பதிவு செய்தும், திருச்சபை அற்புதம் என்று ஏற்றது எழுபதைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நம்பிக்கையாளர்களே இத்தனை கறாராக இருப்பது பலருக்குத் தெரியாது.

சேறும் குளமும்

யோவான் நற்செய்தியின் 9-ம் அதிகாரம் முழுக்க ஒரே ஒருவரின் கதை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவரைக் கண்டதும் சீடர்கள் கேட்பது, இவர் இப்படிப் பிறக்க யார் செய்த பாவம் காரணம், இவரா, பெற்றோரா என்று. நம்மூரில் 'போன ஜென்மத்துப் பாவம்' என்பார்களே, அதே கேள்விதான். இரண்டு பேருமே இல்லை என்று இயேசு மறுத்துவிடுகிறார். பிறகு மண்ணில் உமிழ்ந்து, சேறு உண்டாக்கி, கண்களில் பூசி, சிலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். (அக்காலத்துச் சிலோவாம் குளத்தின் படிக்கட்டுகள் 2004-ல் எருசலேமில் குழாய்ப் பணியின்போது வெளிப்பட்டன.) அவர் போனார், கழுவினார், பார்வையோடு வந்தார்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. அக்கம்பக்கத்தினர், பிச்சையெடுத்தவர் இவர்தானா என்று சந்தேகப்படுகிறார்கள். பெற்றோர் பயந்து, அவனையே கேளுங்கள் என்று ஒதுங்குகிறார்கள். பரிசேயர்களோ ஓய்வுநாளில் குணமாக்கியது குற்றம் என்று விசாரணை நடத்தி, கடைசியில் அவரை வெளியே தள்ளுகிறார்கள். அவருக்கோ அகக்கண்ணும் திறந்துகொண்டே போகிறது. இயேசுவை முதலில் 'ஒரு மனிதர்' என்கிறார், பிறகு 'இறைவாக்கினர்', முடிவில் 'ஆண்டவரே' என்று பணிகிறார். எல்லாம் தெரியும் என்று இருந்தவர்கள்தான் இருட்டில் நிற்கிறார்கள்.

இமைக்க மறந்த கண்கள்

'யார் செய்த பாவம்?' என்ற கேள்வி தமிழகத்தில் அதிகம் துரத்தியது தொழுநோயாளிகளை. அந்த நோய் பார்வையையும் பறிக்கும். உணர்ச்சி செத்த கண், தூசி விழுந்தாலும் இமைக்காது. நரம்பு பாதித்தால் இமை மூடவே மூடாது. கருவிழி காய்ந்து, புண்ணாகி, பார்வை போய்விடும். 1960-களில் ஜெர்மனி உதவியோடு செயல்பட்ட சேத்துப்பட்டு புனித தோமையார் மருத்துவமனை மற்றும் தொழுநோய் மையத்துக்கு இப்படி ஒதுக்கப்பட்டவர்கள்தான் வந்தார்கள்.

வேலூரில் அவர்களின் கண்களுக்காக உழைத்தவர் டாக்டர் மார்கரெட் பிராண்ட். 1947-ல் வந்தவர், கண் மருத்துவத்தை வேலை செய்துகொண்டேதான் கற்றார். கணவர் பால் பிராண்ட் தொழுநோய் அறுவை சிகிச்சை நிபுணர். இருவருமே தீவிர கிறிஸ்தவ நம்பிக்கையாளர்கள், ஜெபிப்பவர்கள். ஜெபித்தார்கள் என்பதற்காகக் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

இன்றைக்கும் இது முக்கியம். கண்புரை என்றால் அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் பார்வை மீளும், கொஞ்சம் தாமதித்தாலும்கூட. ஆனால், கண்நீர் அழுத்த நோயில் போன பார்வை போனதுதான். 'வேண்டுதல் முடியட்டும், பிறகு டாக்டரைப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அங்கே நஷ்டம். சேறு பூசப்பட்டவரும் குளம் வரை நடந்துதான் போனார்.

மூடாத இமைகளுக்கு வேலூரில் செய்த சிகிச்சை ஒன்று வியப்பானது. பொட்டுப் பகுதியில் இருக்கும் மெல்லும் தசையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து இமைகளுக்குள் செலுத்துவார்கள். அதன்பின் அவர் வாயை அசைத்து எதையாவது மென்றால் கண் மூடித் திறக்கும்.